பாறைக்குள் மகளைத் தேடிய மழைநாள்

2006-ம் வருஷம் ஜூலை மாதம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், ரிச்சர்ட்சன் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவரை அவருடைய கம்பெனி ஒரு ப்ராஜெக்டுக்காகச் சில வாரம் லக்ஸம்பர்குக்கு அனுப்பியது. ஸ்கூல் லீவுதானே என்று நானும் ஏழு வயது மகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். ஐரோப்பாவில் அது ஒரு குட்டி நாடு. அதே பெயரில் ஒரு குட்டித் தலைநகரம். நான் படித்த பள்ளிக்கூட அட்லஸில் அந்த நாட்டின் பெயரை எழுத இடம் போதாமல் பக்கத்து நாட்டின் மேல் எழுதிவைத்திருப்பார்கள்.

வாரம் முழுக்க அவருக்கு ஆபீஸ். எங்களுக்கு ஹோட்டல் ரூம் ஜன்னல். சனிக்கிழமை ஊர் சுற்றலாம் என்று ஆசையாகக் காத்திருந்தால், விடியும்போதே மழை. நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலைக் காட்டிவிடும். இது அப்படி இல்லை. தூறலாக ஆரம்பித்து, தூறலாகவே நாள் முழுக்க நின்று, எலும்புவரைக்கும் ஈரமாக்கும் மழை.

இருந்தாலும் கிளம்பிவிட்டோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மகளுக்குப் பச்சை நிறத்தில் தவளை முகம் போட்ட ஒரு குடை வாங்கினோம். அதைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, அரண்மனை வாசல், கடைவீதி, பழைய தேவாலயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஷூ எல்லாம் தண்ணீர். மழைக்கு ஒதுங்கினால் போதும் என்ற நிலைமையில்தான் அந்தச் சுரங்கத்துக்குப் போனோம்.

அந்த நகரமே ஒரு பெரிய பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு, அதில் ஒரு சின்ன ஆறு. அந்தக் காலத்தில் எதிரிகள் வந்தால் சண்டை போடுவதற்காகப் பாறையைக் குடைந்து சுரங்கம் சுரங்கமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வழி நெடுக, பீரங்கி வைக்கப் பாறைச் சுவரில் பெரிய ஓட்டைகள். இப்போது அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம். கவுன்ட்டரில் இருந்த நரைத்த கிராப்புத் தலைப் பெண்மணி, மகளைக் காட்டி, "படியெல்லாம் வழுக்கும், கையைப் பிடிச்சுக்கோங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லித்தான் அனுப்பினார்.

உள்ளே குளிர். கூரை சில இடத்தில் தலையில் இடிக்கும். ஒரு வழி போய் இரண்டாகப் பிரியும், அது மறுபடி பிரியும். நடுவில் கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கும் படிக்கட்டுகள். விளக்கு இருந்தது. ஆனால் ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவில் இருட்டு. மழைக்காக ஒதுங்கின சில பேரைத் தவிரக் கூட்டம் இல்லை.

என் கணவர் புதிதாக வாங்கின டிஜிட்டல் கேமராவோடு ஒவ்வொரு ஓட்டையிலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் முக்காட்டில் சொட்டிய தண்ணீரைப் பிழிவதற்காகக் கொஞ்சம் நின்றேன். அப்புறம் நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"புள்ள எங்க?" என்றார் அவர்.

"உங்ககூட வரல?"

"உங்கூடதானே நின்னுச்சு?"

அவ்வளவுதான். அவர்கூட இருக்கிறாள் என்று நான் நினைத்திருக்கிறேன். என்கூட இருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். எத்தனை வீட்டில் இந்தக் கதையைக் கேட்டிருப்போம்.

இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கத்தினோம். பாறைக்குள் குரல் நேராகப் போவதில்லை. ஒரு பக்கம் கத்தினால் நாலு பக்கமிருந்தும் திரும்பி வருகிறது. அவள் பதில் சொன்னாளா, எங்கள் சத்தமே எங்களிடம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நான் எதையும் யோசிக்காமல் பக்கத்துப் படிக்கட்டில் ஓடி இறங்கினேன். மூன்றாவது சுற்றிலோ எதிலோ கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி விழுந்தேன். எழுந்து நிற்கப் பார்த்தால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

என் கணவர் ஓடிவந்து என்னைத் தூக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு மேலே கொண்டுவந்தார். வழியில் ஒரு பீரங்கி ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் தெரிந்ததால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

வெளியே நேர் கீழே செங்குத்தான பாறை. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், புதர் ஒன்றில் பச்சையாக ஒன்று மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. தவளைக் குடை.

ஓட்டையில் கம்பி போட்டிருந்தார்கள். ஆனால் அந்த இடைவெளியில் ஏழு வயதுப் பிள்ளை நுழைய முடியாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. நான் "மச்சான்" என்றேன். எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊர்களில் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நீ கவுன்ட்டருக்குப் போ. உள்ள தேடச் சொல்லு. நான் கீழ போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். எதைப் பார்க்கப் போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஓடினார்.

நான் சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வாசலுக்கு வந்து சேர்ந்தேன். என்னைப் பார்த்ததுமே அந்தக் கவுன்ட்டர் பெண்மணிக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார். வெளியே போகும் வழியில் கயிற்றைக் கட்டினார். போனில் யாரையோ கூப்பிட்டார். குழந்தையின் பெயர், உயரம், டிரஸ் நிறம் எல்லாம் கேட்டுக்கொண்டு, உடன் வேலை செய்யும் ஒருவரோடு டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மழைக்கு ஒதுங்கியிருந்தவர்களில் சிலரும், யாரும் சொல்லாமலேயே, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனார்கள்.

நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தேன். என்ன ஓதினேன் என்று கேட்காதீர்கள். ஆரம்பிக்கிற எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. உள்ளேயிருந்து என் மகளின் பெயர் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொரு விதமாக. சிலர் பெயரின் நடுவில் இழுத்தார்கள், சிலர் கடைசி எழுத்தை விழுங்கினார்கள். எந்தக் குரலுக்கும் பதில் இல்லை. பதில் இல்லாத ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்குள் அந்தப் பச்சைக் குடை ஆடியது.

என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். தான் போர்ச்சுக்கல்லைச் சேர்ந்தவள் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் கணவரும் தேடப் போயிருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கவுன்ட்டர் பெண்மணி தலையை அசைத்துவிட்டு மறுபடியும் போனை எடுத்தார். போலீஸ் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். நல்ல உயரம், கறுப்புத் தாடி, தோளெல்லாம் சுண்ணாம்பு மாதிரி பாறைத் தூசி. மனைவியிடம் அவர்கள் மொழியில் வேகமாக ஏதோ சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கீழ ஒரு இடத்துல நின்னு இவர் உன் பொண்ணு பேரைக் கூப்பிட்டாராம். சின்னக் கால் ஓடுற சத்தம் கேட்டுச்சாம். ஆனா இவர் பக்கம் வரலையாம், தள்ளிப் போச்சாம்."

உயிர் வந்தது எனக்கு. உள்ளே இருக்கிறாள். கீழே விழவில்லை. அடுத்த நொடியே, ஏன் ஓடுகிறாள் என்பதும் புரிந்தது.

ஓடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நியூயார்க்கில் கோபுரங்கள் இடிந்த வருஷம், ஒரு நாள் கடை பார்க்கிங்கில் மகளைக் கார் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு இரண்டு வயது. என் முக்காட்டைப் பார்த்துவிட்டு ஒருவன் கத்திக்கொண்டே வந்தான். கார் கண்ணாடியை ஓங்கி அடித்தான். நான் கதவைப் பூட்டிக்கொண்டு குழந்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவன் போய்விட்டான். ஆனால் என்னைவிட்டு அது போகவில்லை. மகள் பேச ஆரம்பித்ததிலிருந்து இதுதான் பாடம்: தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது. உன் பேரு தெரிஞ்சிருந்தாலும் போகக் கூடாது. உம்மா அனுப்பினாங்கன்னு சொன்னாலும் போகக் கூடாது. ஓடி ஒளிஞ்சுக்கணும். அவள் ஸ்கூலிலும் கிட்டத்தட்ட இதையே சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை வீட்டில் தினமும் படிக்கவைத்தேன்.

இப்போது அந்த இருட்டுக்குள் முன்பின் தெரியாத ஆட்கள், டார்ச் அடித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை என் பிள்ளை அச்சுப்பிசகாமல் செய்துகொண்டிருக்கிறாள். இவர்கள் தேடத் தேட அவள் இன்னும் உள்ளே, இன்னும் கீழே போவாள். பீரங்கி ஓட்டைகள் இருக்கும் பக்கம் போவாள்.

நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் விழப் போனேன். கவுன்ட்டர் பெண்மணி என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். கணவருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். ரிங் போனது, அவர் எடுக்கவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ரகசியச் சொல் உண்டு. அவசரத்தில் வேறு யாரையாவது அனுப்பி ஸ்கூலிலிருந்து கூட்டிவரச் சொன்னால், அந்தச் சொல்லைச் சொல்கிறவரோடு மட்டும்தான் அவள் போகலாம். அமெரிக்காவில் அப்போது நிறைய வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. யாராலும் ஊகிக்க முடியாத சொல்லாக இருக்கவேண்டும் என்று மகளே தேர்ந்தெடுத்தது அது. எங்கள் மூவரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் என் சொந்த உம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அதை இந்தத் தாடிக்காரரிடம் சொல்ல வேண்டும்.

சிரிக்காதீர்கள். சாவியைக் கொடுக்கிற மாதிரி இருந்தது. இவர் யார்? எங்கேயிருந்து வந்தவர்? அந்தச் சொல்லைக் கேட்டால் என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போவாளே! வெளியே போக இந்த ஒரு வழிதான், கயிறு கட்டியிருக்கிறது என்று அறிவு சொன்னது. பயம் எங்கே அறிவு பேச்சைக் கேட்கிறது? நான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று அவர் என் முன்னால் குனிந்து காத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்காக ஓடி ஓடி வந்த மூச்சு.

"வட்டலப்பம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி மெதுவாகச் சொன்னேன். பெருநாள் காலையில் எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு செய்யும் இனிப்பு அது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் கலந்து ஆவியில் வேகவைப்பது. அதையெல்லாம் அவருக்கு எங்கே விளக்க! "இதைச் சொன்னால் வருவாள்" என்று மட்டும் அவர் மனைவியிடம் சொன்னேன். அவர் உதட்டுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் பாறைக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்தது. "வத்தலப்பா! வத்தலப்பா!" அதைக் கேட்டு மற்றவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. சுரங்கம் முழுக்க எங்கள் ஊர்ப் பெருநாள் பலகாரத்தின் பெயர் முட்டி மோதித் திரும்பியது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

திடீரென்று சத்தம் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்றால், பிறகு பார்த்தபோது என் மோதிரத்தின் தடம் அவள் விரலில் இருந்தது.

முதலில் அந்தத் தாடிக்காரர் வந்தார். தனியாக வருகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன். அவர் கழற்றிக் கையில் பிடித்திருந்த கழுத்துத் துணி பின்பக்கம் நீண்டு போயிருந்தது. அதன் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, கைக்கெட்டாத தூரத்தில், முகமெல்லாம் அழுக்கும் கண்ணீருமாக என் மகள் நடந்துவந்தாள்.

என்மேல் வந்து விழுந்தவள், "ஐ டிட்ன்ட் கோ டு எனிபடி, உம்மா. ஐ வாஸ் ஹைடிங்" என்றாள். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்துச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் நான் உடைந்து அழுதேன்.

பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று கவுன்ட்டர் பெண்மணி போலீஸுக்குப் போன் போட்டார். நடந்ததை அப்புறம் அவளும், மனைவி வழியாக அந்தத் தாடிக்காரருமாகச் சொன்னார்கள். மழையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஓட்டைக் கம்பி வழியே குடையை வெளியே நீட்டி விரித்திருக்கிறாள். காற்று பிடுங்கிக்கொண்டது. அதை எட்டிப் பார்க்க அடுத்த ஓட்டைக்குப் போய், அதற்கடுத்ததற்குப் போய், வழி தவறிவிட்டது. எங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தெரியாத குரல்கள் வந்திருக்கின்றன. ஒரு மூலையில் பள்ளம் மாதிரி இருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

அவர் டார்ச் வெளிச்சத்தில் அவளுடைய ஷூவைப் பார்த்திருக்கிறார். கிட்டே போகவில்லை. டார்ச்சைத் தன் முகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, தண்ணீர் தேங்கிக் கிடந்த அந்தத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னார். மறுபடி சொன்னார். நாலைந்து தடவை ஆனபின், இருட்டுக்குள்ளிருந்து, "நோ. இட்ஸ் வட்டலப்பம்" என்று திருத்தியிருக்கிறாள் என் மகள். அவர் திருத்திச் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சரியாக வரும்வரை அவரை விடவில்லை. கையை நீட்டினால் பயப்படுவாள் என்று, கழுத்துத் துணியைக் கழற்றி ஒரு நுனியை அவள் பக்கம் போட்டிருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் என் கணவர் வந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை சேறு. முழங்கையில் ரத்தம். பாறைச் சரிவில் ஏறியிருக்கிறார். கையில் அந்தத் தவளைக் குடை, கம்பி வளைந்து. போலீஸிடம் என்ன சொல்வது, என்னிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே ஏறி வந்தாராம். மகளைப் பார்த்தார். அப்புறம், "குடை கிழிஞ்சிருச்சும்மா" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் போர்ச்சுக்கல்காரர் தன் கோட்டைக் கழற்றி என் கணவரின் தோளில் போட்டார். தரையில் உட்கார்ந்ததில் அவருடைய பேன்ட்டும் பின்பக்கம் முழுக்க நனைந்து சேறாகியிருந்தது. நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி நன்றி சொன்னேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். "எங்களுக்கும் இரண்டு பெண் குழந்தைகள், பாட்டி வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்" என்றாள் அவர் மனைவி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு அந்த மழையில் போனார்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்பது அவர்கள் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் உறைத்தது.

ரிச்சர்ட்சனுக்குத் திரும்பியபின் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை மாற்றினேன். தெரியாதவர்களோடு போகக் கூடாது என்பதை எடுக்கவில்லை. எந்த அம்மாவால் எடுக்க முடியும்? ஆனால் தொலைந்துவிட்டால் என்ன செய்யலாம், யாரிடம் போய் உதவி கேட்கலாம், நம்பலாமா என்று ஆளை எப்படிப் பார்ப்பது என்றும் உட்காரவைத்துச் சொன்னேன். அதுவரை அதைச் சொல்லவே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இப்போதும் இங்கே ஏதாவது பெரிய கடையில், வரிசைகளுக்கு நடுவே ஒரு குழந்தை தனியாக நின்று அழுவதைப் பார்த்தால், நான் ஓடிப்போய்த் தூக்குவதில்லை. கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். "உங்க அம்மா வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுவேன். ஓடிவருகிற சில தாய்மார்கள் முதலில் என் முக்காட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் என் முகத்தை, அப்புறம்தான் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு நொடிப் பார்வைக்காக எனக்கு இப்போது வருத்தம் வருவதில்லை. ஒரு மழைநாளில், முன்பின் தெரியாத ஒரு முகத்தை நானும் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான்.